மருத்துவ பீடத்தில் வதைபடும் பிள்ளைகள்: பொறுப்பதா, முறையிடுவதா?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து, மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் படம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வலம் வரும்போது நாமெல்லோரும் மகிழ்கிறோம். சில மாதங்களில் அதே பிள்ளை, "உம்மா, எனக்கு இந்தப் படிப்பே வேணாம்" என்று அழுவது மட்டும் வெளியே வருவதில்லை. அண்மையில் அப்படியொரு மாணவியின் வாப்பா என்னிடம் வந்தார். "டொக்டர், நீங்களும் இதைத் தாண்டித்தானே வந்தீங்க. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்றார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நானும் பொறுத்தவன்தான். முதல் வருடத்தில் விடுதியில் சிரேஷ்ட மாணவர்களின் இரவு நேர "விசாரணை". பின்னர் வார்டில் ஒரு வைத்திய நிபுணர், நோயாளிகளுக்கு முன்னால் என் சிங்கள உச்சரிப்பைப் பரிகசித்தார். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. அந்தப் பயம் என்னோடு வளர்ந்தது. உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓரிரவு, நிபுணரை எழுப்பினால் ஏசுவாரோ என்று தயங்கித் தாமதித்தேன். அல்ஹம்துலில்லாஹ், நோயாளி தப்பினார். மாணவனை அவமதிப்பது கடைசியில் நோயாளியின் உயிரில் போய் நிற்கிறது என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

எது வதை?

கடினமான கேள்வி கேட்பதும் தவறைத் திருத்துவதும் கற்பித்தல். ஊரை, மொழியை, தொப்பியை, ஹிஜாபை இழுத்துக் கேலி செய்வது, பாலியல் சீண்டல், பரீட்சையில் சித்தியடைய விடமாட்டேன் என்ற மிரட்டல், சொந்த வேலைகளுக்கு ஏவுவது, இவை எதுவும் கற்பித்தல் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பலியானார். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. உடற்காயம் மட்டுமல்ல, மன வேதனையையோ பயத்தையோ ஏற்படுத்தும் செயலும் அதன்படி பகிடிவதையே. நிறுவனத்துக்கு வெளியே, வாடகை அறையில் நடந்தாலும் குற்றமே. தண்டனை 2 வருடம் வரையான சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நிகழ்ந்தால் 10 வருடம் வரை.

எப்படி முறையிடுவது?

முதலில் எழுதி வையுங்கள்: திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள். குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். காயம் இருந்தால் அன்றே அரச வைத்தியசாலைக்குச் சென்று நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து மாணவ ஆலோசகர், பீடாதிபதி, உபவேந்தர் ஆகியோருக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் முறையிடலாம். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. மனம் உடைந்துபோன பிள்ளைக்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் பேச ஆள் இருக்கிறது. உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும், தொழில்சார் ஒழுக்கம் தொடர்பில் இலங்கை மருத்துவ சபையிடமும் முறையிடலாம்.

தடுப்பது யார்?

முறையிட்டால் பரீட்சையில் பழிவாங்குவார்கள் என்ற அச்சமே வாயைப் பூட்டுகிறது. ஆகவே முறைப்பாட்டை விசாரிப்பவரும் குறித்த பரீட்சகரும் ஒருவராக இருக்கக் கூடாது. இதைப் பீடங்கள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

நம்மிலும் தவறு உண்டு. வதைக்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். "நாங்களும் பட்டோம்" என்பது அநியாயம் செய்வதற்கு அனுமதிப் பத்திரம் அல்ல. பல்கலைக்கழக முஸ்லிம் மஜ்லிஸ்கள் புதிய மாணவர் ஒவ்வொருவருக்கும் பொறுப்பான சிரேஷ்ட மாணவர் ஒருவரை முதல் வாரத்திலேயே துணையாக்கலாம். பெற்றோரே, "படிப்பு எப்படி?" என்று மட்டும் கேட்காமல், "உன்னை எப்படி நடத்துகிறார்கள்?" என்றும் கேளுங்கள்.

அந்த வாப்பாவிடம் மகளைப் பேசவிட்டுக் கேட்கும்படி சொன்னேன். மறுநாள் இரவு, அவள் எழுதிய இரண்டு பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "நானும் அவளோட பீடாதிபதியைப் பார்க்கப் போறேன், டொக்டர்."