எத்தனை வயதுவரை மாணவி? – கூடைப்பந்தாட்டமும் தகுதி விதிகளும்

நூற்றாண்டு மலருக்கு விளையாட்டு வரலாறு பற்றிய கட்டுரையொன்றை மலர்க்குழுவினர் கேட்டபோது, நாம் ஆடி வளர்ந்த வலைப்பந்தாட்டத்தைப் பற்றியே எழுத எண்ணினோம். எழுதத் தொடங்கியதும் அதன் தாயான கூடைப்பந்தாட்டத்திடம் போகவேண்டியதாயிற்று. அங்கே ஒரு கேள்வி எம்மைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் எத்தனை வயதுவரை, எத்தனை ஆண்டுகள்வரை மாணவராக நின்று விளையாடலாம்? அதைத் தீர்மானிப்பவர் யார்?

இது பழங்கதை மட்டுமன்று. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் எமது பழைய மாணவிகளின் பிள்ளைகள் சிலர் இன்று கூடைப்பந்து ஆடுகிறார்கள். அதன்மூலம் புலமைப்பரிசில் பெற்றுப் படிக்கலாம் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு உண்டு. எம்மில் வைத்தியர்களாக இருப்போரிடம் முழங்கால் வலி பற்றிக் கேட்கத் தொடங்கும் தாய்மார், இந்தத் தகுதி விதிகளில் வந்து நிற்பதுண்டு. எனவே அந்த வரலாற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தெளிவாக்க வேண்டும். நமக்குக் கல்லூரி என்றால் பாடசாலை. அமெரிக்கர்களுக்கோ அது பாடசாலைக் கல்வியை முடித்தபின் பயிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு. இக்கட்டுரையில் அமெரிக்கக் கல்லூரி என்று வரும் இடங்களில் அந்தப் பொருளையே கொள்க.

மூன்று பிரிவு மைதானம்

1891 டிசெம்பரில், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், கனடாவில் பிறந்த ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை உருவாக்கினார். அவர் பின்னர் வைத்தியப் பட்டமும் பெற்றவர் என்பது எம்மைப் போன்றோருக்குச் சற்றுப் பெருமை. அடுத்த ஆண்டே அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளிடம் கொண்டுபோனார். 1893 மார்ச் 22இல் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினர். பார்வையாளராக ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை.

மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பிரிவுக்குள்ளேயே ஆடவேண்டும் என்று விதித்தவர் பெரன்சன். எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கவும் அவர் தடை விதித்தார். கூடைப்பந்து இங்கிலாந்துக்குப் போய், மேடம் ஒஸ்டர்பேர்க்கின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரியில் உருமாறி, 1901இல் வலைப்பந்தாட்டமாக விதிகள் வகுக்கப்பட்டது. நாம் ஆடிய மைதானத்தின் மூன்று பிரிவுகள் எங்கிருந்து வந்தன என்பது இப்போது புரியும்.

ஸ்மித் கல்லூரியின் அந்த முதல் ஆட்டத்தில் யார் மாணவி என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை. ஆடியவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்ப் படித்தவர்கள். கல்லூரிக்குக் கல்லூரி மோதத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது.

விதிகள் பிறந்த காரணம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆண்கள் கல்லூரிகளில் வெற்றிக்காகக் கூலிக்கு ஆள் பிடிப்பது சாதாரணமாக நடந்தது. ஒரு பருவம் ஒரு கல்லூரியிலும் மறு பருவம் வேறொன்றிலும் ஆடித் திரிந்தவர்கள் இருந்தார்கள். வகுப்பறையை எட்டியும் பாராதவர்களும் இருந்தார்கள். 1905இல் அமெரிக்கக் காற்பந்தில் நேர்ந்த மரணங்கள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்வரை போயின. 1906இல் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் இயங்குவது அச்சங்கமே.

முதலாண்டு மாணவர் கல்லூரி அணியில் ஆடக்கூடாது, மூன்று பருவங்களுக்கு மேல் ஆடக்கூடாது, பட்டம் பெற்றவர் ஆடக்கூடாது என்பன 1920களில் அச்சங்கம் வலியுறுத்திய விதிகள். இவற்றின் நோக்கம் எளிது. வந்தவன் முதலில் படிப்பில் காலூன்றட்டும், படிப்பு முடிந்தவன் இடத்தை அடுத்தவனுக்கு விடட்டும் என்பதே அது.

முதலாண்டுத் தடை எவ்வளவு திறமையை வெளியே நிறுத்தியது என்பதற்கு 1965 நவம்பர் நல்ல சாட்சி. லொஸ் ஏஞ்சலிஸ் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் மூத்த அணி அப்போது நாட்டின் சம்பியன். அதே பல்கலைக்கழகத்தின் முதலாண்டு அணி அதை 75க்கு 60 என்று தோற்கடித்தது. வென்ற அணியின் நடுநாயகம் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார். தம் நாட்டின் சம்பியனையே வென்ற அந்த இளைஞர்கள், முதலாண்டினர் என்பதால் அந்தப் பருவம் முழுவதும் சம்பியன் கிண்ணத்துக்கு ஆட முடியவில்லை. 1972இல் அத்தடை நீங்கியது. படிப்புக்காக இட்ட வேலி நீங்கியதற்குப் படிப்பு காரணமன்று. கூடுதல் அணிக்கான செலவும் வெற்றியின் அவசரமும் அதில் பெரும் பங்கு வகித்தன.

போக விடாத விதி, இருக்க விடாத விதி

தொழில்முறைக் கூட்டமைப்பான என்.பி.ஏ.யும் தன் பக்கத்தில் ஒரு வேலி வைத்திருந்தது. பாடசாலை முடித்து நான்காண்டுகள் கழியாமல் எவரையும் சேர்க்கமாட்டோம் என்றது. மிசிசிப்பியில் பருத்தி பறித்துப் பிள்ளைகளை வளர்த்த ஓர் ஏழைத் தாயின் மகன் ஸ்பென்சர் ஹேவுட். 1968 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 19. அவர் தொடுத்த வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதன்பின் பாடசாலையிலிருந்தே நேராகத் தொழில்முறைக்குப் போகும் வழி திறந்தது. கெவின் கார்னெட், கோபி பிரயன்ட், லெப்ரோன் ஜேம்ஸ் எல்லோரும் அவ்வழி போனவர்களே. 2005இல் என்.பி.ஏ.யும் வீரர் சங்கமும் செய்த ஒப்பந்தம் மீண்டும் ஒரு வேலி கட்டியது. அமெரிக்க வீரருக்கு 19 வயதும், பாடசாலை முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். அந்த ஓராண்டைக் கழிக்கவே பலர் கல்லூரிக்கு வந்து போனார்கள்.

இன்று காற்று திசை மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம். அதனால் முன்பு விரைவில் வெளியேற வழக்காடியவர்களின் வழித்தோன்றல்கள், இப்போது இன்னும் ஓராண்டு இருக்க வழக்காடுகிறார்கள். 2024 டிசெம்பரில் டெனசி மாநிலத்திலுள்ள நீதிமன்றமொன்று, ஈராண்டுக் கல்லூரியில் ஆடிய காலத்தைத் தனக்கு எதிராக எண்ணக்கூடாது என்று கேட்ட காற்பந்து வீரர் ஒருவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு வழங்கியது. அன்றுமுதல் இத்தகைய வழக்குகள் தொடர்கின்றன.

நாடு பார்த்து எண்ணிய வயது

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு இவ்விதிகள் எப்படிப் பொருந்தின என்பது நம்மவர் கவனிக்கவேண்டிய பகுதி. ஒரு காலத்தில் என்.சி.ஏ.ஏ.யில் அயல்நாட்டு மாணவருக்கென்று தனி விதி இருந்தது. 19 வயதுக்குப் பின் தம் நாட்டில் போட்டிகளில் ஆடிய ஒவ்வோராண்டும் அவர்களுடைய கல்லூரி ஆட்டக் காலத்திலிருந்து கழிக்கப்பட்டது. அதே வயதில் அமெரிக்காவில் ஆடிய அமெரிக்கருக்கு அக்கழிவு இல்லை. கறுப்பின மாணவருக்கென நிறுவப்பட்ட வொஷிங்டன் ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் கரீபிய, ஆபிரிக்க மாணவர் பலர் ஆடினர். அவ்வணி 1971இல் வென்ற சம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் வழக்காடியது. 1975இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வேறு சில மீறல்களுக்கான தண்டனையை நிலைநிறுத்தினாலும், அந்த அயல்நாட்டார் விதி சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்த்தது. பின்னர் 20 வயதை எல்லையாக வைத்து எல்லோருக்கும் பொதுவான விதி வந்தது.

வயதைக் கடதாசியில் பாராமல் உடலிலேயே அளந்தாலென்ன என்று சிலர் கேட்பார்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டுகளைப் பார்த்து எலும்பின் வயதை மதிப்பிடும் முறை உண்டு. அதற்கு உலகெங்கும் பயன்படும் படத்தொகுப்பு அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் வசதியாக வளர்ந்த வெள்ளையினப் பிள்ளைகளைப் பார்த்துத் தயாரானது. பெண்பிள்ளைகளின் எலும்பு ஆண்பிள்ளைகளைவிட முந்தி முதிர்கிறது. பதினெட்டை அண்டியபோதே தட்டுகள் மூடிவிடும். அதன்பின் அவள் பதினெட்டா இருபதா என்று படம் சொல்லாது. போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து, உத்தேச வயதுச் சான்றிதழோடு பரீட்சைக்கும் போட்டிக்கும் போன தோழிகளை நாம் அறிவோம். ஒரு பிள்ளையின் வயது எவ்வளவு தூரம் ஒரு தாளில் தங்கியிருக்கிறது என்பது எமக்குப் புதிதன்று.

பெண்கள் எழுதிய விதிகள்

என்.சி.ஏ.ஏ. நெடுங்காலம் பெண்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1971இல் பெண் உடற்கல்வியாளர்கள் தமக்கென ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கத்தை அமைத்தார்கள். மறு ஆண்டு நடந்த அதன் முதற் கூடைப்பந்துச் சம்பியன் போட்டியில் வென்றது பென்சில்வேனியாவின் இம்மக்குலேட்டா என்ற சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி. பயணச் செலவுக்கு மாணவிகள் பற்தூரிகை விற்றார்கள். பார்வையாளர் வரிசையில் கன்னியாஸ்திரிகள் வாளிகளைத் தட்டி உற்சாகமூட்டினார்கள். 1973, 1974 ஆண்டுகளிலும் கிண்ணம் அவர்களுக்கே. போட்டிக்குப் போக இடியப்பமும் வடையும் விற்றுப் பணம் சேர்த்த எமக்கு அந்தப் பற்தூரிகைக் கதை அந்நியமாகத் தோன்றவில்லை.

அப்பெண்கள் எழுதிய விதிகளின் நடுவில் மாணவி இருந்தாள். வீடு தேடிப்போய் ஆள் பிடிக்கும் வழக்கத்தை அவர்கள் கட்டுப்படுத்தினார்கள். வேறு கல்லூரிக்கு மாறியவள் உடனே ஆடலாம் என்றார்கள். ஆண்களின் சங்கத்தில் அப்படி மாறியவர் அக்காலத்தில் ஓராண்டு வெளியே இருக்கவேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் எழுதிய எல்லாமே நன்மை பயத்தன என்று சொல்ல முடியாது. பணம் விளையாட்டைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, விளையாட்டுப் புலமைப்பரிசில் பெற்றவர்கள் தம் போட்டிகளில் ஆடத் தடை விதித்திருந்தார்கள். அது ஏழை மாணவியைத்தான் முதலில் வெளியே நிறுத்தும். 1972இல் கல்வியில் பால் வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. மறு ஆண்டு மாணவிகள் வழக்குக்குப் போனதும் அத்தடை கைவிடப்பட்டது.

1982இல் என்.சி.ஏ.ஏ. தானே பெண்களுக்கான சம்பியன் போட்டியைத் தொடங்கியது. பணமும் தொலைக்காட்சியும் அங்கே போயின. தொளாயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளை அங்கமாகக் கொண்டிருந்த பெண்களின் சங்கம் அவ்வாண்டோடு ஓய்ந்தது. அது மறைந்ததும் பெண்களின் ஆட்டத்துக்கான தகுதி விதிகளைப் பெரும்பாலும் ஆண்கள் அமர்ந்த மேசையே எழுதியது.

பெண்களின் தொழில்முறைக் கூட்டமைப்பான டபிள்யூ.என்.பி.ஏ. அமெரிக்க வீராங்கனைக்கு 22 வயதை வைத்தது. பட்டம் பெற்றிருந்தாலோ பாடசாலை முடித்து நான்காண்டு ஆகியிருந்தாலோ அதற்குமுன் வரலாம். பிற நாட்டவருக்கு 20 வயது போதும். ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 22 என்ற இவ்வேறுபாடு நியாயமா என்று கேட்போர் உண்டு. கையில் வரக்கூடிய சம்பளத்தை மூன்றாண்டு தள்ளிப்போடுவது குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைக்குச் சிறிய இழப்பன்று. மறுபுறம், பெண்களிற் பெரும்பாலோர் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள். ஆட்டம் முப்பத்தைந்தில் முடியலாம், பட்டம் முடிவதில்லை. அந்தப் பட்டம் விதியின் நல்ல விளைவு என்பதை ஏற்கிறோம். அதை ஒரு பாலாருக்கு மட்டும் கட்டாயமாக்குவதை ஏற்க முடியவில்லை.

முழங்காலும் கடிகாரமும்

இனி, தாய்மார் எம்மிடம் கேட்பதற்கு வருவோம். என்.சி.ஏ.ஏ.யின் முதற்பிரிவில் நீண்டகாலமாக இருந்துவந்த அடிப்படை விதி, ஐந்தாண்டுக்குள் நான்கு பருவம் என்பதாகும். முழுநேர மாணவியாகப் பதிந்த அன்றே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பருவத்தின் முற்பாதியில், மிகச் சில போட்டிகளே ஆடிய நிலையில் காயமுற்று மீதியை இழந்தால், அப்பருவத்தை மீளக் கேட்கலாம். அதற்கு வைத்திய ஆவணங்கள் அன்றன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் இணைப்புநார் கிழிவது கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். சத்திரசிகிச்சைக்குப் பின் திரும்பி ஆட ஒன்பது மாதமாவது வேண்டும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பேஜ் பக்கர்ஸ் 2020இல் சேர்ந்தார். 2022 ஓகஸ்டில் இந்நார் கிழிந்து ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை. 2025 ஏப்ரலில், சேர்ந்த ஐந்தாம் ஆண்டில், கிண்ணத்தை வென்றார். காயத்துக்கும் கொவிட் காலத்துக்கும் விதி இடம் கொடுத்ததால் அவர் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. ஆண்டு போய்விடுமே என்று ஆறாத முழங்காலோடு இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கும் எமக்கு, விதியில் உள்ள இந்த இடைவெளியின் பெறுமதி தெரியும்.

எமது நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. பாடசாலை முடித்து ஓராண்டுக்கு மேல் தாமதித்து, அக்காலத்தில் ஒழுங்கமைக்கப்பட்ட போட்டிகளில் ஆடினால், ஆடிய ஆண்டுகளுக்கு ஏற்பப் பருவங்கள் கழிக்கப்பட்டு வந்தன. உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை எமது பிள்ளைகள் ஓராண்டு, ஈராண்டு காத்திருப்பது வழமை. அந்த நாட்களில் கழகத்துக்கு ஆடுவதும் வழமை. அமெரிக்கக் கல்லூரியை நாடும் பிள்ளைக்கு அதுவே இழப்பாகலாம். ஆகவே ஒப்பமிடுமுன் மூன்றைக் கேளுங்கள். கடிகாரம் எப்போது தொடங்குகிறது? காயமுற்றால் புலமைப்பரிசில் நிற்குமா? ஆட்டம் நின்றாலும் பட்டத்தை முடிக்க வழி உண்டா? விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால், பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நூறாண்டைத் திரும்பிப் பார்த்தால், மாணவரின் படிப்பையும் உடலையும் காக்க எழுந்த விதிகள் நிலைத்த இடங்களும், மற்றவரின் வருமானத்தைக் காக்க அவை வளைந்த இடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. எமது கல்லூரியும் இரண்டாம் நூற்றாண்டில் பல அணிகளை அனுப்பும், பல விதிகளை எழுதும். அந்த மேசையில் ஆடிய பெண் ஒருத்தியும், அவளது வைத்தியரும், அவளது ஆசிரியையும் அமர்ந்திருக்கட்டும். பழைய மாணவிகளாகிய எமக்கு அங்கே ஒரு கதிரையைக் கேட்கும் உரிமை உண்டு. அதைக் கேட்போம்.