கண்குழி

தைராய்டு நோயால் விழி பிதுங்கியவர்களுக்கான மருத்துவக் குறிப்பு ஒன்றில் 'சுற்றுப்பாதை அறுவை சிகிச்சை' என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆங்கிலத்தில் 'ஆர்பிட்' என்றதும் மொழிபெயர்த்தவருக்குக் கோள்களின் பாதைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. லத்தீனில் 'ஆர்பிஸ்' என்றால் வட்டம், சக்கரம். அதிலிருந்து பிறந்த 'ஆர்பிட்டா', வண்டிச்சக்கரம் மண்ணில் பதித்த தடம். இடைக்கால லத்தீனில் அது விழி அமர்ந்திருக்கும் எலும்புப் பள்ளத்தையும் குறித்தது. ஆங்கிலத்திலும் கண்ணுக்குத்தான் முதலில் வந்தது, கோளுக்குப் பிறகே. தமிழில் நமக்குக் 'கண்குழி' என்ற சொல் இருக்கிறது. 'கண்ணெல்லாம் குழிவிழுந்து போச்சே' என்று இளைத்தவரைப் பார்த்துச் சொல்லும் வழக்கால் அது நலிவைச் சுட்டுமோ என்ற தயக்கம் எழலாம். ஏழு எலும்புகள் சேர்ந்து சுவரெழுப்பிய இடமாயிற்றே, மார்புக்கூடு போலக் கண்கூடு என்றால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் 'கண்கூடாகப் பார்த்தேன்' என்ற பேச்சில் அந்தச் சொல் நேர்க்காட்சிக்கு என்றோ உரிமையாகிவிட்டது. ஆகவே கண்குழியே சரி. குழிக்குள் தசையும் கொழுப்பும் வீங்கி விழியை முன்னே தள்ளும்போது, சுவர் எலும்பில் ஒரு பகுதியை நீக்கி, பக்கத்து சைனஸ் அறைப் பக்கம் இடம் விடுவதுதான் அந்தச் சிகிச்சை. நோயாளி கையெழுத்திடும் படிவத்தில் 'கண்குழி விரிவாக்க அறுவை' என்று இருந்தால், எங்கே, எதற்காக வெட்டுகிறார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கும்.