மல்லாட்டையும் மணிலாவும்

நிலக்கடலை என்பது ஏட்டிலே உள்ள பெயர். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் குடியானவன் வாயில் அது மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்ற பெயர் பேச்சில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. களத்து மேட்டில் உட்கார்ந்து காய் ஆயும் கிழவி, தன்னை அறியாமலே பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயரை நாள்தோறும் பத்துத் தடவை உச்சரித்துக் கொண்டிருக்கிறாள்!

அந்தச் செடி பிறந்தது தென் அமெரிக்காவில். ஸ்பானியர் அந்த நாட்டையும் பிடித்தார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளையும் பிடித்தார்கள். 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுக் காலம், மெக்ஸிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே அவர்களுடைய கப்பல்கள் போய்வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை, புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சிலுள்ள மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று.

இது சரக்கு வந்த கதை. இங்கிருந்து ஆட்கள் போன கதையும் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் மறந்து விட்டோம்.

1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். மறு வருஷம் ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஏப்ரலில் செஞ்சிக் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இந்த மூன்று ஊர்களுக்கும் நடுவில் இருப்பது திண்டிவனம். அந்தச் சீமையின் வயல்கள் எத்தனை படைகளின் காலடியில் துவண்டிருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சண்டை ஓய்ந்தது, ஆனால் சண்டைக்குப் பழகிய படை சும்மா இருக்குமா? 1762-ல் ஸ்பெயினும் இங்கிலாந்தை எதிர்த்துப் போரில் இறங்கிற்று. உடனே சென்னையிலிருந்து மணிலாவின் மீது படை புறப்பட்டது. தரைப்படைக்கு டிரேப்பர் தலைவர், கப்பற்படைக்குக் கார்னிஷ். வந்தவாசியில் போரிட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு, சுமார் அறுநூறு சிப்பாய்களும் கப்பலேறினார்கள். கடல் கடந்தால் குலம் கெடும் என்று அஞ்சிய காலம் அது.

அக்டோபர் 6-ஆம் தேதி மணிலா சரணடைந்தது. வேடிக்கை என்னவென்றால், 1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதானம் பேசிக் கையெழுத்திட்டவர்களுக்கு, மணிலா விழுந்த செய்தியே எட்டியிருக்கவில்லை! 1764-ல் ஆங்கிலேயர் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். சிப்பாய்களில் பலர் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண் கட்டி, குடியும் குடித்தனமுமாகிப் போனார்கள்.

வெற்றி பெற்றவர் டிரேப்பர், தம் பட்டாளத்துக்கு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஒரு நினைவுக் கல் எழுப்பினார். மாண்ட அதிகாரிகளின் பெயர்கள் அதில் உண்டு. சிப்பாயின் பெயரை அதில் தேடிப் பயனில்லை.

பிலிப்பைன்ஸ் மக்களோ நினைவைப் போற்றுவதில் வல்லவர்கள். ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கிய சான் டியாகோ கொத்தளத்தைச் சீராக்கிப் பாதுகாக்கிறார்கள். சாந்தியாகோ கோட்டையில், தேசத் தியாகி ரிஸாலுக்கு நினைவாலயமும் பொருட்காட்சி சாலையும் உண்டு. 1896 டிசம்பர் 30-ஆம் தேதி அவரைச் சுட்டுக்கொல்ல அழைத்துப் போனார்கள். அவர் சிறையிலிருந்து நடந்த வழியில், காலடிகளை உலோகத்தில் வார்த்துப் பதித்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் கடைசி நடையைக்கூட அழிய விடாத நாடு அது!

நம் பக்கத்திலும் நினைவு இல்லாமல் இல்லை. 1714-ல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்கு ராஜனைக் கதைப்பாட்டு வாழவைத்தது. 2025-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் சேர்ந்துவிட்டது. ராஜாவுக்குப் பாட்டு, கோட்டைக்குப் பட்டயம், தளபதிக்குக் கல். கூலிக்குத் துப்பாக்கி தூக்கிப் போனவனுக்கு என்ன?

அவனுக்கு இருப்பது கைந்தாவில் வாழும் அவனுடைய சந்ததிதான். அந்த வட்டாரத்தில் காரே-காரே என்றொரு குழம்பு உண்டு. பெயரிலே நம் 'கறி' ஒலிக்கிறது என்றும், அது சிப்பாய்கள் வைத்த கறியின் வழி வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். வேறு கதை சொல்வோரும் உண்டு. எது எப்படியாயினும், அந்தக் குழம்பைக் கெட்டியாக்க அவர்கள் அரைத்து ஊற்றுவது நிலக்கடலை விழுது!

அவன் எந்த ஊர்க்காரன், அவனை எதிர்பார்த்து வாசலில் நின்றவள் யார் என்று எந்தக் கல்லும் சொல்லப் போவதில்லை. பொருட்காட்சி சாலைகளில் வாளும் கேடயமும் வைக்கிறோம், வைக்கட்டும். பக்கத்தில் ஒரு பிடி மல்லாட்டையையும் வைத்து, இரண்டு வரி எழுதி வைத்தால் என்ன? திண்டிவனத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, கப்பலேறிப் போய்த் திரும்பி வராதவர்களில் தங்கள் ஊர்க்காரனும் இருந்திருப்பானோ என்று ஒரு கணமாவது நினைக்கட்டும்.