கிளியூர் அருவியும் 1842 என்ற கணக்குப் பிழையும்

பாப்பிரெட்டிப்பட்டியில் நின்று பார்த்தால் நீலமாய்த் தெரியும் மலைதான் சேர்வராயன் மலை. அந்த மலையில் பிறக்கும் வாணியாறு இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. அடிவாரத்தில் அதன் குறுக்கே கட்டப்பட்ட வாணியாறு அணையால் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரத்து வயல்கள் பாசனம் பெறுகின்றன. மலை உச்சியில் இருப்பது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பதுதான் பெரும்பாலானோர் சொல்லும் பெயர் விளக்கம்.

பிள்ளைகுட்டிகளோடு போகிறவர்களுக்கு அங்கே ஒரு சுலபமான நடை இருக்கிறது. ஏரிக்கரையில் தொடங்கி காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சுமார் 3 கிலோமீட்டர் நடந்தால் கிளியூர் அருவி. கடைசிப் பகுதி மட்டும் படி இறக்கம். வயதானவர்கள் மேலேயே உட்கார்ந்து கொள்ளலாம். திரும்பும்போது ஏரியின் மறுகரை வழியாகச் சுற்றி வந்தால் ஒரு வட்டம் முடிந்துவிடும். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் சுமார் 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. ஆகவே மழைக்காலம் முடிந்த கையோடு போகவேண்டும். மே மாதக் கோடை விழாவுக்குப் போய்விட்டு, அருவியில் தண்ணீர் இல்லையே என்று திட்டுபவர்கள் அருவியைத் திட்டிப் பயனில்லை!

இந்த இடத்துக்கு முதலில் வந்தது யார்? சுற்றுலாப் பக்கங்கள் பலவற்றில் ஒரே வரிதான் இருக்கும்: "சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்." ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறார்கள். மன்றோ ஆளுநராக இருந்தது 1820 முதல் 1827 வரை. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்து போனார். செத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒருவர் மலை ஏறியிருக்க முடியாது. வரவு செலவு எழுதும்போது தேதி தப்பினால் முழுப் பேரேடும் தப்பாகும்; வரலாற்றிலும் அப்படித்தான்.

மன்றோவுக்கும் இந்தப் பகுதிக்கும் உண்மையாகவே இருந்த தொடர்பு வேறு. 1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தால் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக 1799 வரை தர்மபுரிப் பக்கம் இருந்தவர் மன்றோ. நிலத்தை அளந்து, உழுபவனிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்வாரி முறையை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். அதைச் சொல்லாமல், ஒரு மலையைக் கண்டுபிடித்தார் என்று மட்டும் சொல்வது அவருக்கே நியாயமில்லை.

ஏற்காட்டின் தலையெழுத்தை மாற்றியவர் காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். கிரேஞ்ச் தோட்டத்தில் காப்பியைப் பயிரிட்டது இவர்தான். ஏற்காட்டின் தந்தை என்று இவரைச் சொல்வதுண்டு. காப்பி பணப்பயிர். அது நன்றாக வந்ததும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். அப்போது மோட்டார் சாலை ஏது? குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். 1861-62இல் சென்னை ரயில் பாதை சேலம் வழியாக மேற்குக் கரை வரை போன பிறகு, மலைக்கு வருவது எளிதாயிற்று. தோட்டங்களுக்குப் பின்னால் பள்ளிகள். 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி இன்றும் பேர் பெற்றது.

ஆனால் "கண்டுபிடித்தார்" என்ற சொல்லே இங்கே இடிக்கிறது. காக்பர்னுக்கு எத்தனையோ தலைமுறை முன்பே இந்த மலையில் குடியிருந்தவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் அல்ல. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் வழிவந்தவர்கள் தாங்கள், மூவரும் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் ஆளுக்கொன்றில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கதைக்கு ஆண்டு கிடையாது. ஆனால் சேர்வராயன் உச்சியில் குகைக்குள் இருக்கும் கோயிலுக்கு அவர்கள் ஆண்டுதோறும் மே மாதம் திருவிழா எடுக்கிறார்கள். மலைக்குப் பெயர் தந்ததும் அந்தச் சாமிதான். தங்கள் சாமி பெயரிலேயே இருக்கும் மலையை வேறொருவர் வந்து கண்டுபிடித்ததாக எழுதி வைத்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

கிளியூர் என்பதும் வெள்ளைக்காரர் வைத்த பெயரல்ல. லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று காட்சி முனைகளுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர் விழுந்தபோதும், அருவி மட்டும் ஊர்ப் பெயரோடு தப்பித்துக்கொண்டது. அடுத்த முறை படி இறங்கும்போது குழந்தைகள் "இதை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டால், 1842 என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.