மார்பகக் கட்டியும் மனத்தின் அச்சமும்

மார்பில் ஒரு சிறு முடிச்சு கைக்குத் தட்டுப்படுமாயின், பெண்ணொருத்தியின் மனம் முதற்கண் நாடுவது புற்றுநோய் என்னும் சொல்லையே. அச்சம் மிகுந்தோர் சிலர் அன்றே மருத்துவரை நாடுவர். வேறு சிலரோ, எவரிடமும் வாய்திறவாது, மஞ்சளும் மூலிகையும் அரைத்துப் பற்றிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பர். தாயும் தமக்கையும் அருகில் இல்லாத தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம்மவருள் இரண்டாம் வகையினர் மிகுதி என்பதே நம் எண்ணம். கூச்சம் ஒருபுறம், அயல்மொழியில் இதை எவ்வாறு சொல்வது என்னும் தயக்கம் மறுபுறம்.

பாரத நாட்டின் பண்டை மருத்துவர் இவ்வகைக் கட்டிகளை ஒன்றாகக் கருதவில்லை. சுசுருத சம்ஹிதை 'கிரந்தி' என்றும் 'அர்புதம்' என்றும் இருவகை கூறுகிறது. கிரந்தி முடிச்சுப் போன்றது. அர்புதமோ பெரிதாய், ஆழ வேரூன்றி, அசையாது நின்று, மெல்ல வளர்ந்து, பழுத்து உடையாத இயல்பினது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்களின் பிற்கால வாழ்வு வியப்பளிக்கிறது. கிரந்தியின் வழிவந்த சொற்கள் இந்தியிலும் மராத்தியிலும் இன்றும் முடிச்சுக்கும் கட்டிக்கும் பொதுவாக வழங்குகின்றன. அர்புதம் என்பதோ மலையாளத்தில் புற்றுநோய்க்கே பெயராகிவிட்டது. தமிழில் நாம் கொப்புளத்தையும் கட்டி என்போம். கொல்லும் நோயையும் கட்டி என்போம். அச்சத்திற்கு இப்பொதுச் சொல்லும் ஒரு காரணமோ என்று ஐயுற இடமுண்டு. ஆங்கிலத்தில் தீங்கற்ற கட்டிக்கு வழங்கும் அடைமொழியோ, நல்லியல்புடையது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

பெயர் இரண்டாயினும், உயிருள்ள ஒருத்தியின் உடலில் இது எவ்வகை என்று உறுதியாக அறியும் வழி நெடுங்காலம் தோன்றவில்லை. அதன் விலையை அறிய, ஆங்கில நாவலாசிரியை ஃபான்னி பர்னியின் வரலாறு ஒன்றே போதும். பாரிசில் கணவருடன் வாழ்ந்த அவ்வம்மையாருக்கு 1810இல் வலப்புற மார்பில் வலியும் கட்டியும் கண்டன. 1811 செப்டம்பர் 30ஆம் நாள், நெப்போலியனின் படை மருத்துவரான லாரே அவர் மார்பை அறுத்து அகற்றினார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. சிறிது மதுவே அருந்தத் தரப்பட்டது. முகத்தின்மேல் இட்ட மெல்லிய கைக்குட்டையின் ஊடே கத்தியின் பளபளப்பை அவர் கண்டார். தம் தமக்கைக்கு இதனை எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் பிடித்தன. அதன் பின்னர் அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840இல் தம் 87ஆம் வயதில் மறைந்தார். அக்கட்டி புற்றே அன்று, தீங்கற்ற ஒன்றாகவே இருந்திருக்கலாம் எனக் கருதும் மருத்துவர் உளர். அன்று அதனை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார் எவருமிலர்.

1829இல் இலண்டன் மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், மார்பக நோய்களைப் பற்றிய தம் நூலில் கொல்லாத நோய்களைத் தனியே பிரித்து விளக்கினார். மாதவிடாய்க்கு முன் வலி மிகுந்து பின்னர் தணிவதையும் அவர் குறித்தார். ஆயினும், அவ்வலி நரம்புத் தளர்ச்சியும் எளிதில் கலங்கும் மனமும் உடைய பெண்களுக்கே உரியது என்று அவர் எண்ணினார். இக்கருத்து ஒன்றரை நூற்றாண்டு நிலைத்தது என்றால் நம்புவது அரிது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் 1978இல்தான், மார்பு வலியுடையோரின் மனநிலையை ஏனையோருடன் ஒப்பிட்டு, இது மனநோய் அன்று எனக் காட்டினர். 'எல்லாம் உன் கற்பனை' என்று பெண்களைத் திருப்பியனுப்பிய தலைமுறைகளை எண்ணுங்கால் நமக்குச் சினமே மிகுகிறது.

இதற்கிடையில் 1930இல் நியூயார்க் மருத்துவர் இருவர் மெல்லிய ஊசியால் கட்டியின் அணுக்களை உறிஞ்சி ஆராயும் முறையை வெளியிட்டனர். பர்னி அம்மையார் கத்தியால் பெற்ற விடையை இனி ஊசிமுனை தரக்கூடும். 1985இல் அமெரிக்காவில் தீங்கற்ற கட்டியுடைய 3,000க்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 70 பேருக்குப் பிற்காலப் புற்றின் அபாயம் மிகவில்லை என்று தெரிந்தது; அணுக்களில் குறிப்பிட்ட மாறுதல் கண்ட மிகச் சிலருக்கே அது பன்மடங்காயிற்று. மாதந்தோறும் வீங்கி வடியும் முடிச்சுகளை நோய் என்று அழைப்பதே பொருந்துமா என்ற வினாவும் 1982இல் எழுந்தது.

இனி வீட்டு மருத்துவம். கூப்பரின் நூற்றாண்டில் அட்டை விட்டனர். பெல்லடோனாப் பற்று இட்டனர். 1979இல் காப்பியை விட்டால் கட்டி கரையும் என்றனர். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. (காப்பியை விடச் சொன்னால் நம்மவர் கட்டியையே ஏற்பர் போலும்!) ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்னும் செடியின் விதை எண்ணெய் பல்லாண்டு புகழ்பெற்று விளங்கியது, பயன் மெய்ப்படாமையால் 2002இல் பிரிட்டன் அதன் மருந்து உரிமத்தை விலக்கிக்கொண்டது.

நம் ஊர்ப் பெண்டிர் பால்கட்டிய மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது நேயர் அறிந்ததே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் இதனை மாத்திரையுடன் ஒப்பிட்டு 1988இல் முடிவு வெளியிட்டனர். பால் சுரப்பை நிறுத்துவதில் மலரும் மாத்திரையும் ஏறத்தாழ ஒத்தே நின்றன. அம்மாத்திரையை இப்பயனுக்கு விற்பது 1990களின் நடுவில் அமெரிக்காவில் நின்றுபோயிற்று. மல்லிகை இன்றும் கடைத்தெருவில் கிடைக்கிறது. ஆனால் இது பாலூட்டலை நிறுத்த வேண்டிய தாய்க்கே உரியது. ஏனைய கட்டிகளை மல்லிகை கரைக்காது.

மாதவிடாயையொட்டி வரும் வலிக்கு எளிய துணைகள் சில உண்டு. அளவறிந்து தைத்த, நன்கு தாங்கும் உள்ளாடை அவற்றுள் முதன்மையானது. வலி மிகுந்த நாட்களில் இரவிலும் அணியலாம். வெந்நீர் ஒத்தடமோ குளிர்ந்த துணியோ, எது இதமோ அது. இவை யாவற்றினும் மேலானது, பரிசோதித்த மருத்துவர் 'இது புற்றன்று' என்று உரைக்கும் ஒரு சொல். அவ்வுறுதி ஒன்றினாலேயே பெரும்பாலோர்க்கு வலி தாங்கக்கூடியதாகி விடுகிறது. ஆகவே பரிசோதனை முதலிலும் ஒத்தடம் பின்னும் வரவேண்டும்.

அடுத்த மாதவிடாய் கழிந்த பின்னும் மறையாத கட்டி, கல்லெனத் திண்மையாய் அசையாது நிற்பது, தோலில் குழிவு, உள்நோக்கி இழுபட்ட காம்பு, காம்பிலிருந்து கசியும் குருதி, அக்குளில் முடிச்சு, மாதவிடாய் நின்ற பின் புதிதாகத் தோன்றும் கட்டி என இவற்றுள் ஒன்று காணினும், வலி இல்லை என்று வாளாவிருத்தல் ஆகாது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மொழி தெரியாவிடின், வாயால் விளக்க வேண்டுவதுமில்லை. மருத்துவமனையில் பெண் மருத்துவரைக் கேட்டு, இடத்தை விரலால் சுட்டிக்காட்டினாலே போதும்.