ரெய்டு கட்டுப்படுத்தி
சர்வரின் பல வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இயக்கும் சாதனம். ரெய்டு முறையை 1988-இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் வகுத்துரைத்தனர். மதர்போர்டிலேயே அமைந்த கட்டுப்படுத்திகளில் பல, கணக்கு வேலையைச் சிபியுவின் தலையில் கட்டிவிடுகின்றன. இரு வட்டுகளில் ஒரே நகலை வைக்கும் ரெய்டு 1-க்கு அதுவே தாராளம். ரெய்டு 5-இல் சிக்கல் கூடும்: சிறு தரவொன்றை மாற்றவே பழைய தரவையும், இழந்த தரவை மீட்க உதவும் பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும், ஆக 4 வட்டுச் செயல்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் தனி கார்டு, தன் கேஷ் நினைவகத்தால் இச்செயல்களின் தாமதத்தை மறைக்கிறது. மின்சாரம் போனால் கேஷைக் காக்க அதில் பேட்டரியோ மின்தேக்கியோ வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த காசு பெரும்பாலும் தண்டம். மதர்போர்டு பழுதானால் கார்டை வட்டுகளோடு வேறு சர்வருக்கு மாற்றலாம். கார்டே பழுதானால் பெரும்பாலும் அதே தயாரிப்பாளரின் கார்டைத் தேட நேரும். ரெய்டு வேலையைத் தானே செய்யும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு மதர்போர்டு ரெய்டு, ரெய்டு கார்டு இரண்டுமே வேண்டாம். வட்டுகளை நேரடியாகக் காட்டும் ஹெச்பிஏ கார்டு போதும்.