பழைய கோப்பு முறைமைகளை அணுகல்

ஒரு பணிசெயல் முறைமையை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது, முன்னையது எழுதிய வட்டைப் புதியதில் திறந்து படித்தல். கோப்புகள் வட்டில் எங்கே, எந்த ஒழுங்கில் கிடக்கின்றன என்பதைக் கோப்பு முறைமையே சொல்கிறது. அதை அறியாத கணினிக்கு வட்டு வெறுமையாகத் தோன்றலாம்.

ஃபாட்32 என்ற கோப்பு முறைமையை ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் படிக்கும். ஆனால் 4 ஜிபி அளவை எட்டும் கோப்பை அது ஏற்காது. விண்டோஸ் என்டி 3.1உடன் 1993இல் வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் உள்ளமைப்பு முழுமையாக வெளியிடப்படவில்லை. லினக்ஸ் நிரலாளர்கள் வட்டின் பைட்டுகளை ஆராய்ந்தே அதைக் கண்டறிந்தனர். போற்றத்தக்க உழைப்பு அது. 2007இல் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இயக்கி அவ்வகை வட்டில் நம்பகமாக எழுதும் வசதியைத் தந்தது. 2021இல் லினக்ஸ் கருவின் 5.15ஆம் பதிப்பில் என்டிஎஃப்எஸ்ஸுக்கான புதிய இயக்கி சேர்ந்தது. ஆதரவு விலகுவதும் உண்டு: ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் வட்டுகளை மேக்ஓஎஸ் 2019இல் கைவிட்டது.

பழைய வட்டைப் படிக்க மட்டும் இணைத்து, முழுப் பிரதி எடுத்த பின்னரே எதையும் மாற்ற வேண்டும். பிரதியின் அவசியத்துக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இலங்கையின் மாத்தளை அலுவிகாரையில், வாய்மொழியாக வந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு. அங்கிருந்த சுவடிகளில் பெரும்பகுதி பிரித்தானியருக்கு எதிரான 1848 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது அழிந்தது. ஒரே பிரதியை நம்பியிருப்பதன் ஆபத்து வன்வட்டுக்கும் அதேதான்.

இலங்கைத் தமிழருக்கு இன்னொரு படி மீதமிருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். அதை ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.